கயிற்றைப் பிடிப்பவர் யார்?

சென்ற திங்கள் நம் சங்கத்துக்கு ஓர் அன்னையிடமிருந்து கடிதம் வந்தது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அவ்வண்ணமே செய்கிறோம். பிழைப்பை நாடிச் சேலத்துப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் குடிவந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதாம். ஒரே மகன், படித்து, நல்ல உத்தியோகத்தில் அமர்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நண்பர்களோடு ராமநகரத்துப் பாறைகளில் ஏறப் போய்விடுகிறான். இப்போது அதோடு நில்லாமல், மலையிலும் பள்ளத்திலும் சிக்கியவர்களைக் கயிறு கொண்டு மீட்கும் தொண்டர் குழு ஒன்றை நம் சங்க இளைஞர்கள் அமைக்கப் போவதாகச் சொல்லுகிறானாம். "ஊரையும் உறவையும் விட்டு இங்கே வந்தது பிழைப்பதற்குத்தானே? பாறையில் தொங்குவதற்கா? இதற்குச் சங்கமும் துணை போகலாமா?" என்று கேட்டிருக்கிறார் அந்த அன்னை.

அதே வாரத்தில் இளைஞர்களின் விண்ணப்பமும் நம்மிடம் வந்து சேர்ந்தது. கயிறு, கப்பி, தலைக்கவசம் முதலியவை வாங்கச் சங்க நிதியிலிருந்து உதவி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்தோம். அன்னையின் அச்சத்திலும் நியாயம் உண்டு; இளைஞர்களின் ஆர்வத்திலும் நியாயம் உண்டு. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை இருவருக்கும் பொதுவான விடையாக எழுதுகிறோம்.

இத்தகைய குழுவுக்குத் தேவைதான் உண்டா என்பது முதற் கேள்வி. நம் நகரைச் சுற்றிலும் கற்பாறைக் குன்றுகள். நந்தி மலை, சாவனதுர்கம், ராமநகரம் ஆகிய இடங்களுக்கு விடுமுறை நாளில் செல்வோர் எண்ணற்றோர். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், நந்தி மலையை அடுத்த பிரம்மகிரிப் பாறையில் ஏறிய 19 வயது மாணவர் ஒருவர் கால் இடறிச் சுமார் 300 அடி கீழே சரிந்து ஒரு பாறை விளிம்பில் சிக்கிக்கொண்டார். எலகங்காவிலிருந்து விமானப்படையின் ஹெலிகாப்டர் வந்து, காவல் துறையினரின் துணையோடு, அவரை மேலிருந்து கயிற்றால் தூக்கி உயிரோடு மீட்டது. அதே திங்களின் தொடக்கத்தில், கேரளத்தின் பாலக்காட்டை அடுத்த மலம்புழையில் ஓர் இளைஞர் செங்குத்தான மலைப் பிளவில் 40 மணி நேரத்துக்கு மேல் சோறும் நீருமின்றி உட்கார்ந்திருந்தார். உள்ளூரார் முயன்றும் முடியவில்லை. ஹெலிகாப்டர் வந்தும் அணுக முடியவில்லை. முடிவில் நீலகிரி வெலிங்டனிலிருந்தும் நம் பெங்களூரிலிருந்தும் சென்ற இராணுவ வீரர்களே, பிப்ரவரி 9ஆம் நாள் காலை, மேலிருந்து கயிற்றில் இறங்கி, அவரைத் தம்மோடு பிணைத்து மேலே கொண்டுவந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு இரண்டு செய்திகளைக் கூறுகின்றன. கயிற்றுத் தொழில் நன்கறிந்தவர் வந்தால் உயிர் பிழைக்கும் என்பது ஒன்று. அவர் வந்து சேரும் வரை காத்திருக்கும் நேரம் மிகக் கொடியது என்பது மற்றொன்று. அந்த நேரத்தைக் குறைக்கவே அயல்நாடுகளில் தொண்டர் குழுக்கள் தோன்றின. 1896ஆம் ஆண்டு மார்ச் திங்களில் வியன்னா நகருக்கு அருகிலுள்ள ராக்ஸ் மலையில் பனிச்சரிவில் சிக்கி மூவர் மாண்டனர். அத்துயரத்தைக் கண்ட மலையேறும் சங்கத்தார் ஒன்றுகூடி அவ்வாண்டே மலைமீட்புக் குழுவை நிறுவினர். உலகில் இவ்வகையில் எழுந்த தொடக்க காலக் குழுக்களுள் அதுவும் ஒன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் இன்றும் மலைமீட்புப் பணியைச் செய்பவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்களே. ஆசிரியரும் தச்சரும் மருத்துவரும் அவர்களுள் உண்டு. காவல் துறை போன்ற உரிய துறையினர் அழைத்த பின்னரே அவர்கள் புறப்படுவர் என்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, அன்னையின் அச்சத்துக்கு வருவோம். ஆபத்தில் சிக்கியவனைக் காக்கப் போனவனும் மாள்வது நாம் கேள்விப்படாத செய்தியன்று. அதற்குச் சாட்சி வேண்டின் மலைக்குப் போக வேண்டுவதில்லை; நம் தெருவிலேயே உண்டு. 2017ஆம் ஆண்டு மார்ச்சில், நம் நகரின் சி. வி. ராமன் நகர்ப் பகுதியில் பாதாளச் சாக்கடைக் குழியில் மூவர் மாண்டனர். 2018ஆம் ஆண்டு சனவரியில், அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் கழிவுநீர்த் தொட்டியில் மற்றுமொரு மூவர் மாண்டனர். இத்தகைய சாவுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் முறை ஒன்றே. முதலில் இறங்கியவன் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இரண்டாமவன் இறங்குகிறான். இருவரையும் காணாமல் மூன்றாமவன் இறங்குகிறான். உள்ளே இருக்கும் நச்சுக்காற்று மிகுந்துவிட்டால் அதன் நாற்றத்தை உணரும் ஆற்றலையே அது மூக்கிலிருந்து பறித்துவிடுகிறது. சில மூச்சில் நினைவு தப்பிவிடுகிறது. இறங்கியவர்கள் கோழைகள் அல்லர். நல்ல நெஞ்சம் படைத்தவர்கள். நல்ல நெஞ்சம் ஒன்றே போதாது என்பதைத் தம் உயிர் கொடுத்து நமக்குக் கற்பித்துச் சென்றனர்.

அக்குழிகளில் தக்க காப்பின்றி மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாறானது. அதை நிறுத்துவதே முதற் காப்பு. நம் குடியிருப்புகளில் எவரேனும் ஆளை இறக்க முயன்றால் தடுப்பது நம் ஒவ்வொருவர் கடமையும் ஆகும். இங்கு நாம் கூற வந்தது வேறு. கிணறோ, தொட்டியோ, தக்க காரணத்தோடு ஒருவர் இறங்கியே ஆக வேண்டிய இடத்தில், காற்றைச் சோதித்து, இடுப்பிலும் தோளிலும் கச்சை பூட்டி, அதில் கயிற்றை இணைத்து, வாய்ப்பகுதியில் முக்காலி நாட்டிக் கப்பி மாட்டிய பின்னரே இறங்குதல் வேண்டும். அவ்வாறு இறங்கியவர் மயங்கினால், வேறொருவர் உள்ளே போகாமலே அவரை வெளியில் எடுத்துவிடலாம். ஆபத்து நேர்ந்த பின் வீசப்படும் கயிற்றைவிட, முன்னரே கட்டப்பட்ட கயிறே உயிரைக் காக்கும்.

ஆகவே கயிற்றுமீட்புக் கல்வியின் முதற் பாடம் இறங்குவது அன்று, இறங்காமல் நிற்பது. இப்பாடத்தைக் கற்காதவனைக் குழுவில் சேர்க்கலாகாது.

அடுத்த பாடங்கள் யாவை? திருவிழாவில் தேர் இழுத்தவர்களுக்கு அவற்றை விளக்குவது எளிது. நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கின்றனர். ஆரவாரம் எல்லாம் அவர்களுடையது. ஆனால் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்கும் சிலரை யாரும் பார்ப்பதில்லை. தேரை உரிய இடத்தில் நிறுத்துவோர் அவர்களே. அவர்கள் கை தவறினால் திருவிழா துக்கமாகிவிடும். கயிற்றுமீட்பிலும் இழுப்பவர் பலர்; நிறுத்துபவரே முக்கியமானவர். எனவேதான் எப்போதும் இரண்டு கயிறுகள் வேண்டும் என்பர். ஒன்று சுமையைத் தாங்கும் முதன்மைக் கயிறு. மற்றொன்று, முதலாவது அறுந்தாலோ நழுவினாலோ உடனே பிடித்துக்கொள்ளும் காப்புக் கயிறு. இரண்டையும் வெவ்வேறு பிணைப்பிடங்களில் கட்டி, வெவ்வேறு ஆட்கள் கவனிப்பர்.

கயிறு என்றதும் கிணற்றடிக் கயிறு நினைவுக்கு வரலாம். இது அதுவன்று. உள்ளே நைலான் இழைகளாலான கருவும், அதைக் காக்க மேலே பின்னிய உறையும் கொண்டது. மீட்புப் பணிக்குரிய 11 மில்லிமீட்டர் கயிறு புதிதாக இருக்கையில் ஏறத்தாழ 3 டன் சுமையைத் தாங்கும். ஆனால் ஒரு முடிச்சுப் போட்டவுடன் அவ்வலிமையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். மீட்பவரும் மீட்கப்படுபவரும் கருவிகளோடு சேர்ந்தால் 200 கிலோ ஆகலாம். அதைப்போல் பத்து மடங்கு தாங்கும்படி அமைப்பது பொதுவான வழக்கம். கணக்குப் பார்த்தால் மிச்சம் அதிகம் இல்லை என்பது விளங்கும். வெயில் அக்கயிற்றுக்குப் பகை. மின்கலத்தின் அமிலம் அதைவிடப் பெரிய பகை. கண்ணுக்குத் தெரியாமலே இழையைத் தின்றுவிடும். கூரிய பாறை விளிம்பு எல்லாவற்றிலும் பெரிய பகை. அங்கே கயிற்றின் அடியில் தடித்த துணியோ உருளையோ வைத்தல் வேண்டும். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். வாங்கிய நாள், பயன்படுத்திய நாள், அதன்மேல் விழுந்த அதிர்ச்சி யாவும் அதில் எழுதப்பட வேண்டும். ஐயம் தோன்றிய கயிற்றை இரக்கமின்றி வெட்டி எறிந்துவிட வேண்டும். வீட்டில் துணி உலர்த்தக்கூட வைத்துக்கொள்ளலாகாது, மறுபடியும் மலைக்கு வந்துவிடும்.

பிணைப்பிடத்தில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு மரங்களில் கயிறு கட்டி நடுவில் சுமையைத் தொங்கவிட்டால், ஒவ்வொரு மரத்துக்கும் பாதிச் சுமைதான் என்று நாம் எண்ணுவோம். இரு கயிறுகளும் ஏறக்குறைய இணையாக இறங்கினால் அது உண்மை. அவற்றுக்கு இடையிலுள்ள கோணம் 90 பாகை ஆனால் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 70 பங்கு சுமக்கும். 120 பாகை ஆனால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் சுமக்கும். அதற்கும் மேல் விரிந்தால், சுமையைவிட மிகுதியான இழுப்பு ஒவ்வொரு மரத்தின் மேலும் விழும். துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டினால் ஈரப் புடவை ஒன்றே ஆணியைப் பிடுங்கிவிடுவதைப் பார்த்த இல்லத்தரசிகளுக்கு இக்கணக்கு புதிதன்று.

தொங்கும் உடலைப் பற்றியும் ஒரு சொல். கச்சையில் அசைவின்றித் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலோ அரை மணிக்குள்ளோ மயக்கம் வரக்கூடும். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். எனவே ஒருவரைக் கயிற்றில் விட்டுவிட்டு மேலே நின்று ஆலோசனை செய்துகொண்டிருக்க நேரமில்லை. ஆலோசனை எல்லாம் அதற்கு முன்பே, பல ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்திருக்க வேண்டும்.

இங்கே நம் மலைவாழ் மக்களிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. நீலகிரிப் பகுதிக் குறும்பர் முதலிய பழங்குடியினர் செங்குத்துப் பாறைகளில் தொங்கும் பெருந்தேனடைகளை எடுக்கக் காட்டுக்கொடியால் செய்த ஏணியில் இறங்குவர். மேலே நின்று அக்கொடியைக் காக்கும் பொறுப்பை யாரிடமும் ஒப்படைத்துவிட மாட்டார்கள். இறங்குபவனுடைய மனைவியின் உடன்பிறந்தானே அங்கே நிற்பது பழைய வழக்கம். தன் தங்கை தாலி இழக்க எந்த அண்ணன் இசைவான்? கொடியின் வலிமையை அவர்கள் அறிவார்கள். அதைவிடக் கையின் வலிமையை அறிந்திருந்தார்கள்.

நாமோ ஊரை விட்டு வந்தவர்கள். நம் மைத்துனன் தருமபுரியிலோ தஞ்சையிலோ திருநெல்வேலியிலோ இருக்கிறான். இந்நகரில் நமக்கு ஆபத்து நேர்ந்தால், பக்கத்து வீட்டுக் கன்னடரோ, எதிர்வீட்டுத் தெலுங்கரோ, பெயரறியாத வடநாட்டுத் தொழிலாளரோதான் நம் கயிற்றைப் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு நேர்ந்தால் நாம் பிடிக்க வேண்டும். உறவு கொடுத்த நம்பிக்கையை இங்கே எது கொடுக்கும்? பயிற்சி ஒன்றுதான் கொடுக்கும். அந்நியன் ஒருவனை மைத்துனனாக்குவதே இப்பயிற்சியின் நோக்கம் என்று நாம் கருதுகிறோம். இச்சொல்லை இளைஞர்கள் மனத்தில் கொண்டு குழுவை அமைப்பார்களாயின் நமக்கு மறுப்பில்லை.

2024ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் அழிந்ததை நாம் மறக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் காயமுற்றோர் தவித்துக் கிடந்தபோது, கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா, பெருக்கெடுத்த வெள்ளத்தின் மேலே கட்டப்பட்ட கயிற்றில் தொங்கியவாறு அக்கரை சேர்ந்து, 35 பேருக்கு மேல் சிகிச்சை அளித்தார். அவ்வாண்டு விடுதலை நாளில் தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கிற்று. அவர் துணிவைப் போற்றாதார் இல்லை. ஆனால் அக்கயிற்றைச் சரியாகக் கட்டி, இரு கரையிலும் காத்து நின்றவர்களும் இருந்தனர் அன்றோ! அவர்களை நம்பியே அவர் காலைத் தரையிலிருந்து எடுத்தார். அதே ஆற்றின் மேல் 190 அடி நீளமுள்ள இரும்புப் பாலத்தை இரவு பகலாக நின்று கட்டி முடித்தவர்கள் மதராஸ் பொறியாளர் படையினர். அப்படையின் மையம் நம் அல்சூர் ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. வேறெங்கும் போய் முன்மாதிரி தேட வேண்டாம்.

இனி இளைஞர்களுக்கு நாம் விதிக்க விரும்பும் ஏற்பாடுகளைக் கூறுவோம்.

முதலாவது, கருவிகளை முதலில் வாங்க வேண்டாம். கல்வியை முதலில் பெறுங்கள். கர்நாடக அரசின் ஜெனரல் திம்மய்யா தேசிய சாகசக் கழகம் பாறையேற்றப் பயிற்சி அளிக்கிறது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த குடிமைப் பாதுகாப்புப் படையில் தொண்டராகச் சேர வழி உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆபத மித்ரா' திட்டம் பொதுமக்களுக்குப் 12 நாள் பயிற்சியை வகுத்தது. இவை போன்ற வாயில்களில் நுழைந்து, தேர்ந்த ஆசிரியரிடம் கற்க வேண்டும். படம் பார்த்துக் கற்ற முடிச்சு, பாறையில் அவிழும்.

இரண்டாவது, ஓர் ஆண்டு வரை எந்த அழைப்பையும் ஏற்கலாகாது. திங்களுக்கு இரு ஞாயிறு பயிற்சி. அவற்றுள் ஒன்று இரவில். வருகைப் பதிவேடு வேண்டும். தொடர்ந்து மூன்று முறை வராதவர், எத்துணைத் திறமையாளராயினும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். எட்டு முடிச்சையும் புருசிக் முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டு, நனைந்த கையால், பிறர் பேசிக்கொண்டிருக்கையில் போடப் பழக வேண்டும். ஒருவர் போட்ட முடிச்சை மற்றொருவர் தொட்டுப் பார்த்த பின்னரே அதில் சுமை ஏற வேண்டும். நண்பன் போட்ட முடிச்சைச் சோதிப்பது அவனை அவமதிப்பதாகாது.

மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு பணி. கட்டளை இடுபவர் ஒருவர். அவர் கயிற்றைத் தொடலாகாது. பிழை தேடுவதையே பணியாகக் கொண்ட காப்பாளர் ஒருவர். முதன்மைக் கயிற்றுக்கு இருவர், காப்புக் கயிற்றுக்கு ஒருவர், இறங்குபவர் ஒருவர், முதலுதவி அறிந்தவர் ஒருவர், நேரமும் நிகழ்ச்சியும் எழுதுபவர் ஒருவர். ஆக எட்டுப் பேர். அழைத்த நேரத்தில் எட்டுப் பேர் வர வேண்டுமானால் பெயர்ப்பட்டியலில் பதினைவர் இருக்க வேண்டும். பெண்களும் இடம்பெற வேண்டும். வலிமை தேவைப்படும் இடத்தில் கப்பிகள் உண்டு. மூன்று மடங்கு அமைப்பில் மூன்று மீட்டர் கயிறு இழுத்தால் சுமை ஒரு மீட்டர் உயரும். உராய்வு போக, ஒருவர் எடையைச் சிலர் எளிதில் தூக்கலாம்.

நான்காவது, மொழி. பாறை விளிம்பில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் கலந்து ஒலித்தால் உயிர் போய்விடும். தீயணைப்புப் படையினரும் காவலரும் இங்கே கன்னடத்தில்தான் பேசுவர். ஆகவே குழுவின் கட்டளைச் சொற்கள் ஆறோ ஏழோ போதும். அவை கன்னடத்திலேயே இருக்கட்டும். 'நில்லிசி' என்று எவர் குரல் எழுப்பினாலும், நேற்றுச் சேர்ந்த சிறுவரே ஆயினும், அனைவர் கையும் அக்கணமே நிற்க வேண்டும். குழுவில் கன்னட நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழர் மட்டுமே அடங்கிய மீட்புக் குழு என்பது நமக்குப் பெருமை தராது.

ஐந்தாவது, அழையாமல் போகலாகாது. ஆபத்தைக் கண்டவர் முதலில் 112ஐ அழைக்கட்டும். தீயணைப்புத் துறையோ காவல் துறையோ கேட்டுக்கொண்டால், அவர்கள் ஆணைக்கு உட்பட்டுக் குழு பணியாற்றட்டும். தொண்டர் ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்புறுதி இருக்க வேண்டும். வீட்டார் ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் ஆகும் செலவைச் சங்க நிதியிலிருந்து முதலில் தரும்படி செயற்குழுவுக்குப் பரிந்துரைக்கிறோம். கயிறு வாங்கும் பணம் அதன் பிறகு.

இந்த ஏற்பாடுகளைக் கேட்டுச் சிலர் விலகிக்கொள்ளக்கூடும். அவர்களைக் குறை கூறோம். எஞ்சி நிற்பவர்களைக் கொண்டு தொடங்கினால் போதும்.

அன்னைக்கு ஒன்று கூறி முடிக்கிறோம். அம்மா, உங்கள் மகன் பாறை ஏறுவதை நிறுத்தும்படி நாம் சொன்னால் அவன் கேட்பானா என்பது உங்களுக்கே தெரியும். கேளாமல், சொல்லாமல் போய்த் தனியே ஏறுவதைவிட, முறையாகக் கற்றவர்கள் எட்டுப் பேர் நடுவில் நிற்பது அவனுக்குப் பாதுகாப்பு. குழு தொடங்கினால், பயிற்சி நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாருங்கள். ஏறுபவனைப் பார்க்க வேண்டாம். கீழே நின்று அவன் காப்புக் கயிற்றைப் பிடித்திருப்பவனைப் பாருங்கள். அவன் கண் கயிற்றில் இருக்கிறதா, கைப்பேசியில் இருக்கிறதா என்று பாருங்கள். அவன் பெயர் என்ன, எந்த ஊர், அவன் தாய் எங்கே இருக்கிறாள் என்று விசாரியுங்கள். அவனை நம்பி மகனை விடலாம் என்று உங்கள் மனம் சொன்னால் ஒப்புதல் தாளில் கையெழுத்திடுங்கள். மனம் சொல்லாவிட்டால் கையெழுத்திட வேண்டாம். அக்குழு இன்னும் ஆயத்தமாகவில்லை என்று நாமும் எடுத்துக்கொள்வோம்.